ஒரே வளைவு, ஒரு வருஷம்: மலையகத்துல இருந்துக்கிட்டு போட்டோ எடுக்கப் பழகுறவங்களுக்கு முழுமையான வழிகாட்டி

என் ஹார்ட் டிஸ்க்ல நைன் ஆர்ச் பாலத்துப் படம் மட்டும் இருநூறுக்கு மேல கெடக்கு. 1921ல கட்டி முடிச்ச பாலம், கல்லும் செங்கல்லும் சீமெந்தும் தான், இரும்பே போடலன்னு சொல்லுவாங்க, எல்லக்கும் தெமோதரைக்கும் நடுவுல நிக்குது, அழகு தான், அதுல சண்டையே இல்ல. ஆனா அந்த இருநூத்துல ஒன்னக் கூட நான் பிரின்ட் போட்டதில்ல. எனக்குப் பக்கத்துல நின்ன நாப்பது பேரும் அதே ரயில, அதே எடத்துல, அதே நிமிஷத்துல தானே எடுத்தாங்க, அப்புறம் என்னோடதுன்னு அதுல என்னா இருக்கு. எங்க வீட்டு சுவத்துல இப்ப மூணு படம் தொங்குது, மூணும் எங்க தோட்டத்துக் கோயிலுக்குக் கீழ இருக்கிற பாதை வளைவுல எடுத்தது. வீட்டுல இருந்து ஏழு நிமிஷ நடை.

நான் ஹட்டன் டவுன்ல ஒரு ஹாட்வெயார் கடையில கணக்கு எழுதுறவன். போட்டோ எடுத்து ஒரு சதம் சம்பாதிச்சதில்ல (ஒரே ஒரு கல்யாண வீட்டுக்குப் போனேன், மாப்பிள்ளையோட மாமாவ ஒரு படத்துலயும் காணோம்னு பெரிய பிரச்சினையாகி அதோட விட்டுட்டேன்). எட்டு வருஷமா இந்தப் பைத்தியம் புடிச்சிருக்கு, அதுல மொத நாலு வருஷம் வீணாப் போச்சு, ஏன்னா லீவு கெடைக்கிற ஞாயித்துக்கெழமை எல்லாம் பஸ் ஏறி எங்கயாவது போய்க்கிட்டே இருந்தேன். அஞ்சாவது வருஷம் கையில சல்லி இல்ல, எங்கயும் போக முடியல, வேற வழியில்லாம பக்கத்து வளைவையே எடுக்க ஆரம்பிச்சேன். அப்ப தான் போட்டோன்னா என்னான்னு கொஞ்சமாவது வெளங்குச்சு. அந்த முறையத் தான் இங்க படி படியா எழுதுறேன், ஒரே எடம், பன்னிரண்டு மாசம்.

1வது படி: எடத்தப் புடிங்க, கெமராவ வீட்டுல வைங்க

எடம் வீட்டுல இருந்து பத்து நிமிஷத்துக்குள்ள இருக்கணும், இது தான் முக்கியம், ஏன்னா மழை விட்ட ஒடனே ஓடிப் போய்ச் சேரணும். அங்க நின்னா கிட்டத்துல ஒன்னு, நடுவுல ஒன்னு, தூரத்துல ஒன்னு தெரியணும். என் வளைவுல கிட்டத்துல ஒரு பீலியும் (தண்ணி கொட்டுற கொழாய்) பாசி புடிச்ச நாலு கல்லுப் படியும், நடுவுல தேயிலை மலையும் அதுக்குள்ள போற ஒத்தையடிப் பாதையும், தூரத்துல மலைக்குப் பின்னால மலையா நாலஞ்சு வரிசை. வானம் தெளிஞ்ச காலையில கடைசி வரிசைக்கு மேல சிவனொளிபாதமலை கூம்பு மாதிரி தெரியும். அது 2,243 மீற்றர். நம்ம நாட்டுல அத விட ஒசரமான மலைக இருக்கு, பீதுருதாலகால மலை 2,524, ஆனா இது தனியா எழும்பி நிக்கிறதால கண்ணு அதுக்குத் தான் போகும்.

எடம் முடிவானதும் மூணு நாளு சும்மா போய் ஒக்காருங்க. ஒரு கொப்பியும் பேனையும் போதும். எத்தன மணிக்கு வெயில் எந்தக் கல்லுல மொதல்ல விழுது, யாரு எப்ப அந்தப் பக்கம் போறாங்க, எந்தப் பக்கம் இருந்து பனி ஏறுதுன்னு குறிச்சு வைங்க. என் கொப்பியோட மொதப் பக்கத்துல இப்பிடி இருக்கு: "6.20 வெளிச்சம் வந்திருச்சு, வெயில் இல்ல. 6.40 ஸ்கூல் புள்ளைங்க மூணு, ஒன்னு சப்பாத்தக் கையில வச்சிருக்கு. 6.55 பாண் த்ரீவீல் பாட்டு கேக்குது, ஆளக் காணோம். 7.05 கோயில் மணிக் கம்பத்துல வெயில். 7.15 கொழுந்துக்குப் போற பொம்பளைங்க, கூடை வெறுங்கூடை." இதுல ஒரு வரியக் கூட நான் யோசிச்சு எழுதல, கண்டத எழுதினேன், ஆனா அந்த வருஷம் எடுத்த நல்ல படம் பாதிக்கு மேல இந்த ஒரு பக்கத்துல இருந்து தான் வந்துச்சு. சப்பாத்தக் கையில வச்சிக்கிட்டு சேத்துல வெறுங்கால்ல நடந்துபோற புள்ளைய எடுக்க எனக்கு ஏழு மாசம் ஆச்சு, அது வேற விஷயம்.

2வது படி: கெமரா

இதுல அதிகம் நிக்க மாட்டேன். கையில இருக்கிற ஃபோன் போதும். ஃபோன்ல எடுக்கிறதா இருந்தா ரெண்டே விஷயம், மொகத்த வெள்ளையாக்குற பியூட்டி எல்லாத்தையும் ஓஃப் பண்ணிருங்க, டிஜிட்டல் சூம தொடவே தொடாதீங்க. கிட்ட வேணும்னா கிட்ட நடந்து போங்க.

கெமரா வாங்கியே ஆகணும்னா பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் கழட்டி மாட்டுற கெமரா) ஒன்னும் அதோட வர்ற 18-55 கிட் லென்சும் நல்லா போதும், புதுசுக்குக் கடன் பட வேணாம். ஆனா பழசு வாங்கும்போது லென்ஸ கழட்டி, பின்பக்கத்துல இருந்து ஃபோன் டோர்ச் அடிச்சு, முன்பக்கமாப் பாருங்க. உள்ள சிலந்தி நூல் மாதிரி, வேர் மாதிரி ஏதும் ஓடுனா அது ஃபங்கஸ், பூஞ்சணம். நான் கண்டியில ஒரு கடையில அவசரத்துல இதப் பாக்காம வாங்கிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பாத்தா லென்சுக்குள்ள ஒரு மாமரமே வளந்திருக்கு. திருப்பிக் கொண்டுபோனா "விக்கும்போது நல்லா தான் இருந்துச்சு தம்பி, ஒங்க ஊரு குளுருல வந்திருக்கும்"னாரு, நான் வாங்கி ஒரே ஒரு ராத்திரி தான் ஆகியிருந்துச்சு.

ஆனா அவரு சொன்னதுல பாதி உண்மை. நம்ம பக்கம் ஈரம் பூஞ்சணத்துக்கு விருந்து மாதிரி. தோல் பையில, அலுமாரிக்குள்ள துணிக்கு நடுவுல கெமராவ வச்சீங்கன்னா மாரி காலம் முடியிறதுக்குள்ள கண்ணாடியோட பூச்சையே அது தின்னுரும். காத்துப் போகாத மூடி போட்ட ப்ளாஸ்டிக் பெட்டி ஒன்னு, அதுக்குள்ள சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி, முள்ளு 40க்கும் 50க்கும் நடுவுல நின்னா சரி. நீல நெற ஜெல் ரோஸ் கலருக்கு மாறிட்டா ஈரத்த இழுத்து முடிச்சிருச்சுன்னு அர்த்தம், மெல்லிய சூட்டுல காய வச்சுத் திரும்ப போடலாம். சில பேர் அரிசிக்குள்ள போட்டு வைக்கிறாங்க, வேணாம், தூசி தான் மிஞ்சும். இன்னொன்னு, வெளிய குளுருல நின்னுட்டு நேரா அடுப்படிக்குள்ள கெமராவோட போகாதீங்க. அடுப்புச் சூடு பட்டதும் லென்ஸ் முழுக்க வேர்த்துரும், உள்ளயும் வேர்க்கும். பைக்குள்ளயே மூடி அரை மணித்தியாலம் வச்சிட்டு அப்புறம் எடுங்க, அதுக்குள்ள நீங்க ஒரு சாயத்தண்ணி குடிங்க.

மழைக்கு ஒரு சொப்பிங் பேக், அடியில ஓட்டை போட்டு லென்ஸ் மூஞ்சியில ரப்பர் பேண்டால கட்டிருங்க. அட்டை கடிக்காம இருக்கக் கால்ல சவர்க்காரம் தடவிக்கிட்டுப் போங்க.

3வது படி: பனிய வெள்ளையா எடுக்கப் பழகுங்க

பழகுறவங்க எல்லாரும் எங்கிட்ட கேக்குற மொதக் கேள்வி, "கண்ணுக்கு அவ்வளவு அழகா இருக்கு, படத்துல மட்டும் ஏன் அழுக்குச் சாம்பலா வருது?"

கெமராவுக்குள்ள வெளிச்சத்த அளக்கிற மீட்டருக்கு ஒலகத்துல எல்லாமே நடுத்தரச் சாம்பல் தான், 18 வீதம் வெளிச்சத்தத் திருப்பி அனுப்புற சாம்பல். வெள்ளைப் பனியக் காட்டுனா "அடடா, வெளிச்சம் கூடிப்போச்சு"ன்னு அதுவே குறைச்சிரும். அதனால பனியும் சாம்பல், தேயிலையும் கருப்பு. என்னா செய்யணும்னா பிளஸ் மைனஸ் பட்டன அமுக்கி பிளஸ் 0.7ல இருந்து 1.3 வரைக்கும் ஏத்துங்க. ஃபோன்ல திரைய ஒரு தரம் தொட்டா பக்கத்துல சின்னச் சூரியன் வரும், அத மேல தள்ளுங்க. எவ்வளவு ஏத்தலாம்னா பனியில இன்னும் கொஞ்சம் நெளிவு சுளிவு தெரியிற வரைக்கும், முழுசா வெள்ளைக் கடதாசி ஆகிட்டா போச்சு, அத எந்த எடிட்டிங்கும் திருப்பித் தராது.

அடுத்தது ஃபோகஸ். கெமரா பனிக்குள்ள தேடித் தேடிக் களைச்சுப்போயிரும், லென்ஸ் முன்னுக்கும் பின்னுக்கும் போய்வரும் சத்தம் கேக்கும். பனியில புடிக்க ஒன்னுமில்ல, ஒரு மரத்தோட தண்டு ஓரத்தப் புடிங்க, அதுல கருப்பும் வெள்ளையும் சந்திக்குது பாருங்க, அந்தக் கோடு போதும். நான் பனி நேரத்துல எஃப் 8 (லென்ஸ் வாய் எவ்வளவு தொறக்குதுங்கிற அளவு), ஐஎஸ்ஓ 400ல (வெளிச்சத்த எவ்வளவு ஏத்திக் காட்டணும்ங்கிற அளவு) இருந்து ஆரம்பிப்பேன், கை நடுங்குறது படத்துல தெரியாத அளவுக்கு ஷட்டர் வேகம், 50 மில்லிமீற்றர்ல நிக்கிற லென்சுன்னா 1/80 செக்கனுக்குக் கீழ போகாம.

இதெல்லாம் கணக்கு. கணக்குல வராத ஒன்னு இருக்கு. பனி மறைக்கிற பொருள்னு தான் நானும் நெனச்சிருந்தேன், பனி எப்ப கலையும்னு காத்துக்கிட்டே இருப்பேன். ஒரு நாளு கலையவே இல்ல, வந்ததுக்கு ஏதாவது எடுப்போம்னு பீலியையும் ரெண்டு கல்லுப் படியையும் மட்டும் எடுத்தேன், மத்தது எல்லாம் வெள்ளை. வீட்டுல அந்தப் படத்தப் பாத்த அம்மா, "இது நம்ம கோயில் படி தானே, அங்கிட்டு யாரோ வாராங்க போல இருக்கே"ன்னாங்க. யாருமே வரல. ஆனா அவங்க முப்பத்தஞ்சு வருஷம் அந்தப் பாதையில பனிக்குள்ள நடந்தவங்க, வெள்ளையப் பாத்தா ஆள் வாரது தெரியுது. அதுக்கப்புறம் எதப் படத்துல வைக்கலாம்னு யோசிக்கிறத விட எத விட்டுறலாம்னு தான் அதிகம் யோசிக்கிறேன்.

நேரம் பத்தி ஒரு விஷயம். மழை நின்ன ஒடனே வர்ற பத்து பதினஞ்சு நிமிஷம் இருக்கே, பள்ளத்துல இருந்து பனி ஆவி மாதிரி எழும்பும், அந்த நேரத்துக்கு எடத்துல இருங்க. வெயிலும் சேந்து மரத்துக்குப் பின்னால இருந்து அடிச்சா வெளிச்சம் கம்பி கம்பியாத் தெரியும். அடுப்புப் பொகையிலயும் அதே தான் நடக்குது, காலையில லயத்துக் (தோட்டத்து வரிசை வீடு) கூரைக்கு மேல பாருங்க.

4வது படி: மாசத்துக்கேத்த மாதிரி

நம்ம மலைநாட்டுல வானிலை ரெண்டு வீட்டுக்காரங்க மாதிரி. வைகாசி கடைசியில தென்மேல் மழை தொடங்கினா புரட்டாசி வரைக்கும் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா பக்கம் ஊத்திக்கிட்டே இருக்கும், அதே ஆடி ஆவணியில ஊவாப் பக்கம், பண்டாரவளை ஹப்புத்தளை எல்லாம் காஞ்சு காத்தடிக்கும். மார்கழி தை வந்தா வடகீழ் மழை, அப்ப பதுளைப் பக்கம் நனையும், இங்க மெல்ல மெல்ல வானம் தெளியும். பட்டிப்பொலை தாண்டி ஒஹிய பக்கம் போற ரயில் குகைக்குள்ள மழையோட நுழைஞ்சு வெயில்ல வெளிய வந்திருக்கேன், நம்ப மாட்டீங்க.

ஒங்க எடம் எந்தப் பக்கம்னு பாத்து வருஷத்தத் திட்டம் போடுங்க. நான் மேற்குப் பக்கம், அதனால என் கணக்கச் சொல்றேன்.

தை, மாசி: ராத்திரி குளுரு கடிக்கும், காலையில வானம் கண்ணாடி மாதிரி, தூரத்து மலை வரிசைகளுக்கு இது தான் காலம். நீளமான லென்ஸ் இருந்தா வரிசைகள ஒன்னு மேல ஒன்னு அடுக்கின மாதிரி எடுக்கலாம், கிட்ட உள்ள மலை கடும் நெறம், தூரம் போகப் போக வெளிறும், நடுவுல இருக்கிற காத்தும் ஈரமும் வெளிச்சத்தச் செதறடிக்கிறதால அப்பிடி. நுவரெலியாக்காரங்களுக்கு சில நாளு புல்லுல ஒறைபனி கெடைக்கும், வெயில் பட்டா காணாமப் போயிரும், விடியிறதுக்கு முன்ன போங்க. மார்கழிப் பௌர்ணமியில இருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலைப் பருவம், ராத்திரியில பாதை லைட் எல்லாம் மலையில மாலை போட்ட மாதிரி தெரியும். ட்ரைபொட்ல வச்சு 15லருந்து 30 செக்கன், எஃப் 4, ஐஎஸ்ஓ 800. பட்டன கையால அமுக்காதீங்க, ரெண்டு செக்கன் டைமர் போடுங்க, அமுக்குற ஆட்டமே படத்தக் கெடுத்துரும்.

மாசி பங்குனியில தோட்டங்கள்ல காமன் கூத்து நடக்கும். பந்த வெளிச்சம் போதும், ஃப்ளாஷ் அடிக்காதீங்க, ஆடுறவரு கண்ணு கூசுனா கால் தப்பும். ஐஎஸ்ஓ 3200க்கு ஏத்திருங்க, புள்ளி புள்ளியா வந்தா வரட்டும்.

சித்திரை: பின்னேரம் இடி மழை, அதுக்கு முன்னால வானம் கருத்து தேயிலை மட்டும் பச்சையா எரியும். கொழுந்து வெறியாத் துளிர்க்கிற காலமும் இது.

ஆனி ஆடி ஆவணி: மழை. பாதிப் பேரு இந்த மூணு மாசம் கெமராவ பெட்டிக்குள்ள வச்சிர்றாங்க, எனக்கு இது தான் சீசன். மழை படாம இருக்கக் கொங்காணி போட்டுக்கிட்டு ஆளுக போறது, பீலி நெறஞ்சு வழியிறது, பாதையில தண்ணி, தண்ணியில வானம். அருவிக்குப் போறவங்க ட்ரைபொட்ல அரை செக்கன்ல இருந்து ஒரு செக்கன் வரைக்கும் பழகிப் பாருங்க, ஆனா எல்லா அருவியையும் பாலாக்கணும்னு சட்டம் கெடையாது, சென் கிளேயார்ல தண்ணி வர்ற வேகத்துக்கு 1/1000ல எடுத்தா தான் அந்தச் சத்தம் படத்துல கேக்குது. ஈர எலையோட மினுக்கத்தக் குறைக்க போலரைசர் ஃபில்டர் நல்லது, ரெண்டு ஸ்டொப் வெளிச்சத்தத் தின்னும், அதாவது நாலுல ஒரு பங்கு தான் உள்ள வரும்னு ஞாபகம் வச்சிக்கங்க.

மத்த மாசங்க எப்பிடியோ போகும்.

5வது படி: ஆளுகள எடுக்கிறது

இங்க நிதானமா வாங்க.

கொழுந்து பறிக்கிற பொம்பளை, தலையில கூடை, சிரிச்ச மொகம், பின்னால பச்சை. இந்தப் படம் ஒங்களுக்கு முன்ன நூத்தம்பது வருஷமா எடுத்தாச்சு. வெள்ளக்காரன் காலத்து ஸ்டூடியோக்காரங்க போஸ்ட்காட் போட்டு வித்தாங்க, கீழ "தமிழ்ப் பொண்ணு", "கொழுந்து பறிக்கிறவ" ன்னு எழுதியிருக்கும், பேர் இருக்காது. இப்பவும் டூரிஸ்டுக்குப் பாதையோரம் சிரிச்சுக் காட்டுறவங்க இருக்காங்க, அது அவங்க பொழப்பு, குத்தஞ்சொல்ல மாட்டேன். ஆனா நம்ம ஊட்டுப் பொம்பளைங்கள நாமளும் அப்பிடியே எடுத்தா என்னாத்துக்கு.

மொதல் விதி, பறிக்கிற நேரத்துல நிறுத்தாதீங்க. அவங்க கை நின்னா கிலோ நிக்கும், கிலோ நின்னா அன்னைக்கு பேர் (ஒரு நாள் சம்பளம்) அரைப்பேர் ஆகும். மலையில எடுக்கணும்னா மொதல்ல தோட்டத்துல கேளுங்க, அப்புறம் அவங்ககிட்ட கேளுங்க, அவங்க "வேணாம் தம்பி"ன்னா சிரிச்சிக்கிட்டே கெமராவ இறக்கிருங்க. பேச்சுக் குடுக்க நல்ல நேரம் கொழுந்து நிறுக்கிற நேரம், மடுவத்துல (கொழுந்து நிறுக்கிற கொட்டகை) தராசுக்குப் பக்கத்துல வரிசையா நிப்பாங்க, களைப்பு, பகிடி, கணக்கப்புள்ளைக்கிட்ட சண்டை எல்லாம் அங்க தான்.

கைய எடுங்க. ஒரு தரம் மதியம் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டு முடிச்சு ஒக்காந்திருந்த ஒரு அக்காகிட்ட கேட்டு அவங்க கைய மட்டும் எடுத்தேன். ஆள்காட்டி வெரலும் பெருவெரலும் கொழுந்துச் சாயத்துல கருத்து, நகத்தோரம் பொளந்து, வெடிப்புக்குள்ளயும் அதே கருப்பு, நடு வெரல்ல பழைய துணி சுத்தியிருக்கு. ரெண்டு எலையும் ஒரு அரும்பும்னு நாமெல்லாம் பாடம் படிச்சோம், அது இந்த ரெண்டு வெரலுக்கு நடுவுல தான் ஒடியுது. பறிக்கிற கைய அசையாம எடுக்கணும்னா 1/500 வேணும், அவ்வளவு வேகம், நானும் மொதல்ல 1/125 வச்சு வெறும் பச்சைக் கோடு தான் எடுத்தேன்.

மொகத்துக்கு வாரேன். கருத்த மொகம், பின்னால வெள்ளைப் பனி, கெமரா பனியப் பாத்து அளந்து மொகத்த இருட்டாக்கிரும். ஃபோன்ல மொகத்தத் தொடுங்க, கெமராவுல ஒரு புள்ளிய மட்டும் அளக்கிற ஸ்பொட் மீட்டருக்கு மாத்துங்க, பின்னால பனி வெளுத்துப் போனா போகட்டும். ஆனா மொகத்த வெளுக்காதீங்க. நம்ம தோலுக்குள்ள செம்பு நெறம் ஒன்னு இருக்கு, சாயங்கால வெளிச்சத்துல தான் வெளிய வரும், அத அழிச்சு மா பூசுன மாதிரி ஆக்குறத பாத்தா எனக்கு வயிறு எரியும்.

மொகம் எடுக்க உலகத்துலயே நல்ல எடம் லயத்து வாசப்படி, சத்தியமா சொல்றேன். உள்ள இருட்டு, முன்னால தொறந்த வானம், வெயில் நேரா விழாது. ஆள வாசலுக்கு ஒரு அடி உள்ள ஒக்காரச் சொல்லுங்க, மொகம் வெளியப் பாக்கட்டும், நீங்க குந்துங்க, ஒங்க கண்ணு அவங்க கண்ணு மட்டத்துக்கு வரட்டும். மேல நின்னு எடுத்தா நீங்க துரை மாதிரி ஆயிருவீங்க. எஃப் 4, 1/125. "சிரிங்க"ன்னு சொல்லாதீங்க. ஏதாவது கேளுங்க, இந்த லயம் எப்ப கட்டுனது, ஒங்க அம்மாயி எந்த ஊருன்னு, பதில் சொல்லி முடிச்சதும் ஒரு மூச்சு விடுவாங்க, அப்ப.

பீலியில குளிக்கிறவங்க, சாவு வீடு, ஆஸ்பத்திரி வரிசை, இந்த மூணுலயும் கெமரா பையிலயே இருக்கட்டும்.

6வது படி: சலிப்பு வரும், அப்ப பொகவந்தலாவைக்குப் போங்க

மொத மாசம் ஒங்களுக்குத் தெரிஞ்ச படம் எல்லாம் எடுத்து முடிச்சிருவீங்க. ரெண்டாம் மாசம் அதையே திருப்பி எடுப்பீங்க. மூணாம் மாசம் "என்னா இருக்கு இந்த வளைவுல"ன்னு வெறுத்துப்போகும். எனக்கு அப்பிடித் தான் வந்துச்சு, ரெண்டு கெழமை கெமராவையே தொடல. விட்டுறாதீங்க, தெரிஞ்சதெல்லாம் தீந்தா தான் தெரியாதது கண்ணுல படும். அந்த நேரத்துக்கு சின்னச் சின்னக் கட்டுப்பாடு போட்டுப் பாருங்க, ஒரு கெழமை முழுக்க தரையில வச்சு மட்டும், ஒரு கெழமை கருப்பு வெள்ளையில மட்டும், ஒரு நாளைக்கு மூணே கிளிக். மூணே கிளிக்னதும் கை தானா நிதானிக்கும்.

இல்லன்னா ஒரு நாளு பொகவந்தலாவை சென் மேரிஸ் சேர்ச்சுக்குப் போயிட்டு வாங்க. அங்க ஜூலியா மார்கரெட் கமரன்னு ஒரு அம்மாவோட கல்லறை இருக்கு. 1815ல கல்கத்தாவுல பொறந்தவங்க, இங்கிலாந்துல இருக்கும்போது 1863ல, 48 வயசுல, மகளும் மருமகனும் மொத கெமராவப் பரிசாக் குடுத்தாங்க. கோழிக்கூண்ட ஸ்டூடியோவா மாத்திக்கிட்டு எடுத்தாங்க. கண்ணாடித் தட்டுல மருந்து பூசி, அது காயிறதுக்குள்ள எடுத்து, காயிறதுக்குள்ள கழுவணும், எதிர்ல ஒக்காந்த ஆள் நிமிஷக் கணக்கா அசையாம இருக்கணும். ஃபோகஸ் சரியில்ல, தட்டுல கறை இருக்குன்னு அந்தக் காலத்துப் போட்டோக்காரங்க கிண்டல் பண்ணுனாங்க, அந்த மங்கலத் தான் இன்னைக்கு ஒலகமே தலையில வச்சிக் கொண்டாடுது. புருஷனுக்கு இங்க எஸ்டேட் இருந்ததால 1875ல சிலோனுக்கு வந்தாங்க, 1879 தையில டிக்கோயாப் பக்கம் செத்துப்போனாங்க.

48 வயசுல ஆரம்பிச்சவங்களே இருக்காங்கன்னு நெனச்சா நமக்குத் தெம்பு தான். ஆனா அந்தக் கல்லறைக்கிட்ட நிக்கும்போது எனக்கு இன்னொன்னும் தோணுச்சு. இங்கிலாந்துல எடுத்த பெரிய மனுஷங்க படத்துக்கெல்லாம் பேரு இருக்கு, டெனிசன்னு, டார்வின்னு. இங்க எடுத்ததுல மிஞ்சியிருக்கிறது கொஞ்சம் தான், அதுல நம்ம ஆளுகளும் இருக்காங்க, ஆனா தலைப்பு "களுத்துறைக் குடியானவங்க கூட்டம்"ங்கிற மாதிரி தான் போகுது. அவ்வளவு நேரம் அசையாம ஒக்காந்தவங்க பேரு என்னா?

கொழும்புல லயனல் வென்ட்னு ஒருத்தரு, 1900ல பொறந்து 1944ல எறந்தவரு, சட்டம் படிச்சு, பியானோ வாசிச்சு, அப்புறம் கெமராவ எடுத்தவரு. அவரோட படங்களையும் தேடிப் பாருங்க, நெழல எப்பிடி வைக்கிறதுன்னு அவருகிட்ட திருடலாம்.

7வது படி: பொறுக்குறது

மாசக் கடைசியில ஒரு ராத்திரி ஒக்காந்து அம்பது படத்த அஞ்சாக்குங்க. எடுத்த அன்னைக்கே பொறுக்காதீங்க, அன்னைக்குப் பட்ட கஷ்டம் கண்ண மறைக்கும். குளுருல மூணு மணித்தியாலம் நின்னு எடுத்த படம்னு பாத்தா எல்லாமே நல்லாத் தான் தெரியும், பாக்குறவனுக்கு ஒங்க குளுரு தெரியாது.

எடிட்டிங்குக்கு ஃபோன்ல ஸ்னாப்சீட் ஆப் போதும், இலவசம். சாய்ஞ்சத நேராக்குங்க, கருப்பக் கொஞ்சம் ஆழமாக்குங்க, ஓரத்துல நீட்டிக்கிட்டு இருக்கிறத வெட்டுங்க, அவ்வளவு தான். தேயிலைக்கு பச்சைய ஏத்தாதீங்க. மழைக்குப் பின்ன ஒரு பச்சை, கவ்வாத்து வெட்டுன மலையில மொதத் துளிருக்கு ஒரு பச்சை, முத்துன எலைக்கு வேற பச்சை, நீங்க பட்டன இழுத்தா மூணும் ஒரே கிளிப் பச்சை ஆயிரும்.

8வது படி: பிரின்ட் போட்டுக் குடுங்க

வருஷம் முடிய பன்னிரண்டு படம் மிஞ்சுனா பெரிய விஷயம். எனக்கு ஒம்பது தான் மிஞ்சுச்சு. அத ஃபோன்ல வச்சிருக்காம டவுன்ல குடுத்து பிரின்ட் போடுங்க, 4க்கு 6 போதும். போடுறதுக்கு முன்ன கொஞ்சம் வெளிச்சத்தக் கூட்டிக் குடுங்க, திரையில தெரியிறத விட கடதாசியில இருட்டா வரும்.

ஆளு இருக்கிற படம்னா ரெண்டு பிரதி, ஒன்னு அவங்களுக்கு. "அனுப்பிவிடுறேன் அக்கா"ன்னு சொல்லி அனுப்பாம விட்டவங்க தோட்டத்துக்குள்ள நெறையப் பேரு, அதனால தான் நமக்கு மொகத்தத் திருப்புறாங்க. பல வீட்டுல பெருசுகளுக்கு ஐடி காட் போட்டோவ விட்டா வேற படம் கெடையாது, சாவு வீட்டுல அதையே பெருசாக்கி வைக்கிறத நானே பாத்திருக்கேன்.

பிரின்டுக்குப் பின்னால பென்சில்ல எழுதுங்க, பேனை மை மறுபக்கம் ஊறும். முழுப்பேரு, எடம், தேதி. கமரன் அம்மாவோட கல்லறைக்குப் போயிட்டு வந்ததுல இருந்து எனக்கு இது ஒரு வெறி.

கை எடுத்தேன்னு சொன்னேனே, அந்த அக்காவ அடுத்த வருஷம் சித்திரையில வளைவுல வச்சு எடுத்தேன், நெறஞ்ச கூடையோட மடுவத்துக்கு எறங்கி வந்தாங்க, பின்னால வானம் கருத்து மழைக்கு நிக்குது. ரெண்டு கெழமை கழிச்சு பிரின்ட கொண்டுபோய்க் குடுத்தேன். வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, மொகத்தப் பத்தி ஒன்னுமே சொல்லல. "பின்னுக்கு மூணாவது வரிசையில பறிக்காம வங்கி விட்டிருக்கு பாரு, யாரோட வரிசை அது"ன்னு திட்டுனாங்க. அப்புறம் பின்பக்கம் திருப்பி நான் எழுதுனத வாசிச்சாங்க, வெரல வச்சு எழுத்து எழுத்தா.

"பேரு சரியா தான் எழுதியிருக்க. பக்கத்துல கிலோவ எழுதலியே? அன்னைக்கு இருபத்தி நாலு."

பென்சில் சட்டைப் பையில தான் இருந்துச்சு. எழுதிக் குடுத்தேன்.